எரிந்த ஏடும் எஞ்சிய கல்லும்

பணி சித்தூரில், குடும்பம் திருப்பதியில். சென்ற திங்களில் ஒரு நாள் மாலை, வண்டிக்கு நேரமிருந்தமையால், சித்தூர் நூலகத்துள் நுழைந்தோம். வரலாற்று அலமாரியில் பழுப்பேறிய ஆங்கில நூலொன்று அகப்பட்டது. மெக்சிகோ நாட்டு அஸ்டெக் மக்களின் வரலாறு அது. பள்ளியிறுதி வகுப்போடு நின்ற ரயில்வே எழுத்தராகிய யாம், அகராதியின் துணைகொண்டு, பாகாலா வழியே போக வரும் வண்டியிலேயே அதனைப் படித்து முடித்தோம்.

ஏரி நடுவே அவர்கள் எழுப்பிய தெனோச்தித்லான் நகரையும், நீரிலே சேற்றைக் குவித்து ஆக்கிய வயல்களையும் எண்ணி வியந்தோம். நம் குழம்பில் இடும் தக்காளியும் மிளகாயும் அந்நாட்டிலிருந்து புறப்பட்டவையே. மனிதரைப் பலியிட்ட கொடுமையையும் நூல் மறைக்கவில்லை. 1519இல் வந்த ஸ்பானியர் 1521இல் அந்நகரை வீழ்த்தினர். மரப்பட்டைத் தாளில் ஓவியமாய்த் தீட்டிய ஏடுகள் பல தீக்கிரையாயின. பின்னர் சகாகுன் என்னும் பாதிரியார் முதியோரிடம் கேட்டறிந்தவற்றை, அவர்தம் நாவாட்டில் மொழியிலேயே 12 பகுதிகளாக எழுதுவித்தார். அம்மொழியை இன்றும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர்.

எரித்தவரை நொந்துகொண்டோம். அடுத்த ஞாயிறன்று பத்து வயது மகனுடன் திருமலைக்குச் சென்றோம். வரிசையில் நகர்கையில் அவன் சுவரைக் காட்டி, "அப்பா, இது என்ன எழுத்து?" என்றான்.

"தமிழ்தான், கண்ணா."

"எனக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே!"

அச்சொல் சுருக்கென்று தைத்தது. அங்குள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழே. 10ஆம் நூற்றாண்டில் சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனி அளித்த செய்தியும் அவற்றுள் ஒன்று. தேவஸ்தானத்தார் 1930களிலேயே அவற்றைத் தொகுத்து அச்சிடத் தொடங்கினர். கல்லும் உளது, நூலும் உளது. எம் மகனுக்கோ இரண்டும் எரிந்தவையே. தீயிட்டவர் எவருமிலர், நாளைக்கு, நாளைக்கு என்று ஒத்திவைத்த யாமே அதற்குப் பொறுப்பு.

அன்பர்களே, நம் பிள்ளைகள் தெலுங்கை நன்கு கற்கட்டும். நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி அது. அதனோடு, இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் தமிழுக்கும் ஒதுக்குவோமாக. எம் வீட்டில் தொடங்கிவிட்டோம். உயிரெழுத்து முடிந்தது, 'ங' மட்டும் இன்னும் அவன் கைக்கு வளையவில்லை.