சாவி யாரிடம்?

ஆம்பூர்க்காரன் என்றால் எல்லாரும் பிரியாணியைப் பற்றித்தான் கேட்பார்கள். எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்த இத்தாலிக்காரர் மட்டும், 'எங்க கிராமத்துல முந்நூறு வருஷத்துப் பங்களா இருக்கு. உங்க பக்கம் அப்படி ஏதாவது உண்டா?' என்று கேட்டுத் தொலைத்தார். அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் எனக்கு டெபிட், கிரெடிட் தவிர என்ன தெரியும்? 'வேலூர் கோட்டை' என்று சொல்லிவைத்தேன். சொன்ன பாவத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அகழி, கருங்கல் மதில் தாண்டி உள்ளே போனால் மகால்கள். 1799-ல் திப்பு இறந்தபிறகு, அவர் பிள்ளைகளை வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்குப் போனார்கள்.

பத்து வருஷத்தில் அடுத்த குடித்தனம்! கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பழைய பெயர் கண்ணுசாமி. 1815-ல் பிடிபட்டவர், 1816-ல் இங்கே வந்தார். 1832-ல் கண்ணை மூடும்வரை விடுதலை இல்லை.

டேனரியில் முப்பது வருஷம் உழைத்த அப்பா, மகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய வீடு, வேளாவேளைக்குச் சோறு, காவலுக்கு ஆளு... சாவி மட்டும் வெளியில இருக்கிறவன்கிட்ட. அப்படித்தானேடா?"

"ஆமாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் சுருக்கென்றது.

ஒருமுறை ஹைவேஸைத் தாண்டும்போது அப்பா லாரியில் அடிபடத் தெரிந்தார். அன்றிலிருந்து நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பும்போது, அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டு. ஃபேன், டி.வி., ஹாட்பாக்ஸில் சாப்பாடு... ஒரு குறையும் வைக்கவில்லை என்று பெருமை வேறு!

திரும்பும் வழியில், பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் ராஜாவின் சமாதியைப் பார்த்தோம். அப்பா எதுவும் பேசவில்லை. நானும்தான்.

திங்கட்கிழமை காலையில் சாவியை அப்பா கையில் கொடுத்தேன். "ஹைவேஸ் பக்கம் மட்டும் போகாதீங்கப்பா."

"தெரியும், போடா."

சாயங்காலம் ஆறரைக்கு வந்தால், வாசலில் பூட்டு! டூப்ளிகேட் சாவி போட்டு வைக்கத் தோன்றவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஹைவேஸில் ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் வயிற்றைப் பிசைந்தது.

ஏழரைக்கு அப்பா மிக்சர் பொட்டலத்தோடு நிதானமாக நடந்து வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன்டா, சாவி கையில இல்லேன்னா கஷ்டமா இருக்கில்ல?"