பத்தாம்பசலி

“அத்தா, நீங்கள் சரியான பத்தாம்பசலி!”

என் இளைய மகள் கண் கலங்கச் சொன்ன சொல் இது. பள்ளிப் படிப்பை நன்கு முடித்தவள், வேலப்பன்சாவடியில் பேருந்தேறிப் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே நகரத்துக் கல்லூரிக்குச் சென்று படிக்க விரும்பினாள். “நம் குடும்பத்தில் அவ்வழக்கம் இல்லை” என்று மறுத்துவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அச்சொல்லின் வேர் அரபியில் இருப்பதை அறிந்தவனாதலால் அதை எளிதில் உதறவும் முடியவில்லை.

‘ஃபஸ்ல்’ என்றால் பிரித்தல். மதரஸாவில் நாங்கள் ஓதிய கிதாபுகளில் பாடத்தின் உட்பிரிவு ஃபஸ்ல். ஆண்டைப் பிரிக்கும் பருவமும் ஃபஸ்ல். மறுமையின் தீர்ப்பு நாளைத் திருமறை ‘யவ்முல் ஃபஸ்ல்’ என்றழைக்கிறது. பருவத்தையும் அறுவடையையும் ஒட்டிய ஆண்டுக் கணக்கே பசலி.

ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்தது. 32 அறுவடைகளுக்குள் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் கடந்துவிடும். ஹிஜ்ரிப்படி தீர்வை கேட்டால் விளையாத ஆண்டுக்கும் உழவன் கட்ட நேரும். அந்த இடர் தீரவே அக்பர் காலத்தில் பசலி பிறந்தது. ஹிஜ்ரி 963ஐ முதலாகக் கொண்டு, பின்னர் சூரிய ஆண்டாகவே எண்ணினர். தக்காணத்துக்கு ஷாஜஹான் காலத்தில், 1636இல் வந்தபோது ஹிஜ்ரி 1046ஐ ஒட்டி எண்ணத் தொடங்கினர். நம் தாலுகா அலுவலகங்களில் இன்றும் ஜூலை முதல் நாளே பசலியின் தலைநாள். 2024 ஜூலையில் பிறந்த பசலி 1434. அப்போது ஹிஜ்ரியோ 1446. ஒன்றாய்ப் புறப்பட்ட இரண்டுக்குமிடையே 12 ஆண்டு இடைவெளி!

963இல் தொடங்கிய கணக்கில் வெறும் பத்தாம் ஆண்டு வந்ததே இல்லை. ஆயினும் நடப்புக் கணக்கை விட்டு, என்றோ முடிந்த பசலியின் கணக்கையே பேசுவோனைப் பத்தாம்பசலி என்று தமிழ் எள்ளி நகைத்தது. உழவனின் துயர் தீர்க்கப் புதுமையாய் வந்த பசலி, பழமைக்கு வசைப்பெயராய் நின்றதை எண்ணி வியந்தேன்.

அவ்வியப்பினூடே என் தவறும் புலப்பட்டது. நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் ஹிஜ்ரியை விடாமல் பேணிக்கொண்டே, தீர்வைக்கு மட்டும் கணக்கை மாற்றினார்கள் அன்றைய முஸ்லிம்கள். மார்க்கத்தையும் வழக்கத்தையும் பிரித்தறிந்தார்கள். அதுவன்றோ ஃபஸ்ல்! கல்வி தேடுவது கடமையென்று மார்க்கம் சொல்ல, நானோ வீட்டு வழக்கத்தை மார்க்கமெனக் காட்டி மகளைத் தடுத்தேன். என் தாடியையும் தொப்பியையும் கண்டு எவரேனும் பத்தாம்பசலி என்றால் எனக்கு வருத்தமில்லை. என் மகள் சொன்னது வேறு, அது நியாயம்.

சுபுஹுத் தொழுகை முடித்து வந்து, “விண்ணப்பத்தை எழுதம்மா, கையெழுத்திடுகிறேன்” என்றேன்.

எதைப் பேணுவது, எதை மாற்றுவது எனப் பிரித்தறியும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.