முழு ஒடிப்பில் குதிக்கும் சக்கரம்

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியின் புல்வெளிகளில் உறைபனி படியும். அந்தக் காலை நேரங்களில் அலைன்மென்ட் கடைகளுக்கு வரும் வெளியூர் கார்கள் பலவற்றுக்கும் ஒரே புகார்தான். விடுதியின் சிமென்ட் தளத்திலிருந்து வண்டியை எடுக்க ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால், முன்பக்கம் ‘கடகட’வென்று குதிக்கிறது. ஏதோ உடைந்துவிட்டது என்ற பயத்தோடுதான் வந்து நிற்கிறார்கள்.

கூடலூர் சாலையை ஒட்டிய ஒரு கடையில் மாஸ்டரோடு ஒரு காலைப் பொழுது இருந்தேன். தகரக் கூரை, ஒரு லிஃப்ட், ஒரு கம்ப்யூட்டர், உதவிக்கு இரண்டு தம்பிகள். அகலமான 19 அங்குல டயர் போட்ட ஒரு எஸ்யூவி வந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராட் எண்டு இரண்டையும் மாற்ற வேண்டும் என்று வேறெங்கோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. வண்டியைத் தூக்கச் சொல்லி, டயரை ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் பிடித்து ஆட்டினார். டை ராடில் ஆட்டம் இருந்தால் இங்கே தெரியும். அடுத்து பன்னிரண்டு, ஆறு. பேரிங்கோ பால் ஜாயின்டோ போயிருந்தால் இதில் தெரிந்துவிடும். இரண்டிலும் ஆட்டம் இல்லை. வண்டியை இறக்கி, முழுக்க ஒடித்து மெல்ல ஓட்டிப் பார்த்தார். குதித்தது. பிறகு ஒரு தம்பியிடம், “ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துடா” என்றார்.

ஈரத் தரையில் அதே வட்டம். சத்தமே இல்லை.

“ஜாயின்ட் போயிருந்தா தண்ணியில சரியாகுங்களா சார்? டயர் தரையைப் பிடிச்சு இழுக்குது, அவ்வளவுதாங்க” என்றார். எந்தக் கருவியும் தொடாமல், இரண்டு பக்கெட் தண்ணீரில் ஒரு குடும்பத்தின் வீண் செலவை அவர் தடுத்துவிட்டார்.

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே வட்டத்தில் ஓடுவதில்லை. உள்சக்கரத்தின் வட்டம் சிறியது, வெளிச்சக்கரத்தின் வட்டம் பெரியது. இரண்டும் இழுபடாமல் உருள வேண்டுமானால் உள்சக்கரம் கூடுதலாக ஒடிய வேண்டும். மியூனிக்கில் கோச்சு வண்டி செய்த கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருக்காக லண்டனில் 1818-இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்றும் அந்த அமைப்புக்கு ஆக்கர்மன் பெயர்தான். செய்தவர் பெயர் பாடப்புத்தகத்தின் ஓரத்தில்கூட அரிதாகத்தான் வருகிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

மாஸ்டர் அந்த எஸ்யூவியின் முன்சக்கரங்களை டர்ன் பிளேட் மேல் ஏற்றினார். அடியில் சுழலும் வட்டத் தகடு, விளிம்பில் டிகிரிக் கோடுகள். உள்சக்கரம் 20 டிகிரி காட்டியபோது வெளிச்சக்கரம் 18-ஐத் தாண்டி நின்றது. முன் பின் அச்சுகளுக்கிடையே 2.6 மீட்டர், இரு சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர் என்று வைத்தால், கணக்குப்படி அது 17-க்குக் கீழே இருக்க வேண்டும். முழு ஒடிப்பில் உள்ளே 38, வெளியே 32. கணக்கு கேட்பது 28. இந்த 4 டிகிரிதான் தரையில் தேய்ந்து தீர்கிறது.

இது வடிவமைத்தவர்கள் தெரிந்தே விட்டது. வேகமாக வளைவில் போகும்போது வண்டியின் எடை வெளிச்சக்கரத்தின் மேல் சாய்கிறது. பாரம் ஏறிய டயர் தன் முழுப் பிடியைத் தர, கொஞ்சம் அதிகமாக ஒடிந்திருக்க வேண்டும். அதோடு அகலமான டயர் உள்ளே மடங்க மட்கார்டுக்குள் இடமும் வேண்டும். நெடுஞ்சாலையில் கிடைக்கும் உறுதிக்கான விலையை வாகன நிறுத்தத்தில் கொடுக்கிறோம். எனக்கு இது நியாயமான பேரமாகவே படுகிறது. ஆனால் வண்டியை விற்பவர்கள் அதை வாங்குபவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

குதிப்பது ஏன் என்று கேட்டேன். மாஸ்டர் டயரின் பக்கச் சுவரைத் தட்டிக் காட்டினார். தரையைத் தொடும் ரப்பர் ஒட்டியபடியே நிற்க, ரிம் மட்டும் நகர்கிறது. நடுவில் பக்கச் சுவர் முறுக்கிக்கொண்டே போகிறது. பிடி தாங்காத கணத்தில் ரப்பர் சறுக்கி, முறுக்கு விட்டு, மறுபடி ஒட்டுகிறது. நொடிக்குச் சில முறை இப்படி நடப்பதுதான் அந்த அதிர்வு. “தேர் முனையில திரும்புறப்ப சக்கரம் எப்படி அரைஞ்சு நகருது? அந்த மாதிரிதாங்க” என்றார். குளிர் இதைக் கூட்டும். வெயிலுக்கு ஏற்ற ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துவிடும். பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் முறுக்கை வாங்கிக்கொள்ளவும் இடமில்லை. கொஞ்சதூரம் ஓடி டயர் சூடேறியதும் பாதி அடங்கிவிடும்.

அலைன்மென்ட்டில் இதைச் சரிசெய்ய முடியாது. டை ராடின் நீளத்தை மாற்றினால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம் மாறும். ஒடிப்பு வித்தியாசமோ சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கை எந்தச் சாய்வில் வார்க்கப்பட்டிருக்கிறது என்பதில் அடங்கியது. கடைப் பலகையில் அலைன்மென்ட்டுக்கும் பேலன்சிங்குக்கும் கட்டணம் எழுதியிருந்தது. கோளாறு என்னவென்று கண்டுபிடித்துச் சொல்வதற்கு ஒரு வரியும் இல்லை. அந்த வேலைக்குத்தான் முதலில் கட்டணம் எழுத வேண்டும் என்பேன். வண்டிக்காரர் நீட்டிய பணத்தில் டீச்செலவுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார் மாஸ்டர்.

அடுத்து ஒரு ஜீப். இதுவும் குதிக்கிறது, ஆனால் கூடவே வண்டியே நகர மறுக்கிறது. மாஸ்டர் கதவைத் திறந்து கியர் லீவருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைப் பார்த்தார். காட்டுப் பாதையில் போட்ட ஃபோர் வீல் டிரைவ் அப்படியே இருந்தது. இந்த வகை ஜீப்பில் முன் அச்சையும் பின் அச்சையும் இறுக்கிப் பிணைத்துவிடுவார்கள். திரும்பும்போது முன்சக்கரங்கள் ஓடும் தூரம் அதிகம். சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், காய்ந்த சிமென்டில் முடியாது. அப்படியே ஓட்டினால் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் அடிவாங்கும். “இதை மட்டும் விடாதீங்க” என்று ஓட்டுநரிடம் குரலை உயர்த்திச் சொன்னார்.

எஸ்யூவிக்காரர் கிளம்பும்போது, “அப்ப நான் என்னதாங்க செய்யணும்?” என்று கேட்டார். “முழுசா ஒடிச்சிட்டு கால் சுத்து திருப்பி விட்டு எடுங்க சார். இடம் பத்தலைன்னா இன்னொரு தடவை ரிவர்ஸ் போட்டுக்கலாம். அடுத்த டயர் மாத்தறப்ப 18 அங்குலம் உங்க வண்டிக்கு உண்டான்னு மேனுவல்ல பாருங்க” என்றார் மாஸ்டர்.