ஏற்பிகள்

ஹிஸ்டமின் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. அது ஒன்றுதான், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் நான்கு. புற்றுக்கட்டிக்குள் உள்ள மாக்ரோஃபேஜ் செல்களின் எச்1 ஏற்பியில் அது பட்டால், புற்றைத் தாக்க வேண்டிய டி செல்கள் முடங்குகின்றன. எச்1ஐ அடைத்தபோது எலிகளில் இம்யூனோதெரபி கூடுதலாகப் பலித்ததாக 2021இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2008இல் ஐரோப்பாவோ ஒருவகை ரத்தப்புற்று திரும்பாமலிருக்க, இன்டர்லூகின்-2உடன் ஹிஸ்டமினையே மருந்தாக அனுமதித்திருந்தது. அங்கே வேலை எச்2 வழியாக.

அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தூசியில் தும்மி, வங்கி கவுன்டரில் அவில் விழுங்குகிறவன் நான். ஆவடியில் புற்றோடு படுத்திருக்கும் அத்தை என் சட்டைப்பையைக் காட்டி, "ஏண்டா, தும்மல் மாத்திரை இதுக்கும் கேக்குமாமே?" என்றாள். "டாக்டரைக் கேப்போம் அத்தை" என்றேன். தயங்கித்தான் சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது.