தேய்த்தால் போகாத நிறம்

பெண்ணின் முகநிறத்தைப் பற்றிப் பேச எங்கள் ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு. கடல்காற்றும் வெயிலும் வாட்டும் காரைக்காலில் ஆண் கறுத்தால் உழைப்பாளி, பெண் கறுத்தால் "முகத்துக்கு ஏதாச்சும் போடக்கூடாதா?" என்று கேட்பார்கள்.

வரன் பார்க்கத் தொடங்கியதும், என் மாணவி ஒருத்தி எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையைக் கலந்து தினமும் முகத்தில் தேய்த்தாள். கன்னம் சிவந்து, தோல் வழன்று, பிறகு பழுப்புத் திட்டுகள் விழுந்தன. "எரிஞ்சாத்தான் அழுக்கு போகும்னு பெரியம்மா சொன்னாங்க மேம்" என்றாள். எரிச்சல் என்பது தோல் போதும் என்று சொல்வது. அதைப் பொறுத்துக்கொள்வதைத்தான் நாம் பெண்களுக்குப் பழக்கியிருக்கிறோம். தோல் மருத்துவரைப் பார்க்கும்படி அவளிடம் சொன்னேன்.

நம் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அது தானாகவே உதிர்ந்து, இளம்வயதில் ஏறக்குறைய நான்கு வாரங்களில் புதுப்பித்துக்கொள்கிறது. நாற்பதைத் தாண்டிய என் போன்றவர்களுக்கு இன்னும் மெதுவாக. தேய்ப்பு அந்த உதிர்தலுக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம், அவ்வளவுதான். நிறத்தைத் தரும் மெலனின், மேல்தோலின் அடியடுக்கில் உருவாகிறது. எந்த மாவும் அங்கே போய்ச் சேராது. மாறாக, தேய்த்துப் புண்ணாக்கினால், நம் போன்ற மாநிற, கறுப்புத் தோல் அந்த இடத்தில் இன்னும் கூடுதலாக மெலனினைச் சுரக்கும். வெளுப்பதற்காகத் தேய்த்தவள் கறுந்திட்டோடு நிற்பது இதனால்தான்.

என் அப்பாயி பாசிப்பயறு மாவைத் துணியில் சலித்துத்தான் முகத்துக்குத் தருவார். கப்பியெல்லாம் கைகாலுக்கு. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். இரண்டு தேக்கரண்டி மாவு, குழையுமளவு தயிர், ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள். ஈரமுகத்தில் விரல்நுனியால் அரை நிமிடம் வருடினால் போதும். காயவிட்டு உரிக்கக்கூடாது. தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் ஈரப்பதம் தரும் களிம்பைப் பூச வேண்டும். வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பருவோ புண்ணோ இருந்தால் அதுவும் வேண்டாம். முதல்முறை என்றால் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒருநாள் பொறுத்துப் பாருங்கள்.

அந்தப் பத்து நிமிடமும் எனக்கானது. ஆனால், சந்தை அதை நமக்கு அப்படி விற்பதில்லை. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. களிம்பின் பெயர் மாறிய பிறகும் மணமகள் தேவை விளம்பரங்களில் சிவப்பு நிறம் கேட்கப்படுகிறது.

இந்த ஊர்ப் பெண்ணான புனிதவதியின் கதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். கணவன் அவளைத் தெய்வமென அஞ்சி விலகி, வேறொருத்தியை மணந்துகொண்டான். அவனுக்காகத் தாங்கிய தசைப்பொதி இனி வேண்டாம் என்று உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெற்றாள் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். ஆனிப் பௌர்ணமியையொட்டி வரும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழங்களை வீசி அவளைக் கொண்டாடுகிறோம். அந்த விழாக் கூட்டத்திலேயே "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்ற பேச்சும் காதில் விழும்.

அழகு அவனுக்கானது என்றிருந்ததால், அவன் போனதும் அவள் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. என் பிள்ளைகளிடம் அந்தத் துறவை நான் கேட்கமாட்டேன். யாருக்காகவும் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கவும் விடமாட்டேன். இந்த உடம்பில் குடியிருப்பது நாம்தான். அதை நோகாமல் பேணுவோம், அதன் நிறத்தோடு.