இருபது நிமிடத்தில் ஒரு கோயில்

எங்களோடு படம் கீறுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். பையில் எப்பவும் சின்னக் கொப்பி ஒன்றும் கறுப்புப் பேனை ஒன்றும் இருக்கும். போன செவ்வாய்க்கிழமை கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எதிரே, ஒரு கடையோரமாக நின்று இருபது நிமிடத்தில் ஒரு படம் கீறியிருக்கிறார். அன்று பின்னேரம் அந்தக் கொப்பி எங்கள் எல்லோருடைய கையிலும் சுற்றி வந்தது.

முதலில் கோயிலைத் தேட வேண்டியிருந்தது. முன்னுக்கு ஒரு ஓட்டோவின் முதுகு, மேலே குறுக்கும் மறுக்குமாய் வயர்கள், மெழுகுதிரி விற்கிறவரின் குடை. இதெல்லாம் அழுத்தமான கோடுகள். கோயில் முகப்புக்கு மெல்லிய கோடுகள் ஒரு பத்து இருக்கும்; மிச்சம் வெறும் தாள். சனத்துக்கு முகமே இல்லை. ஆனாலும் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறா என்றும், ஒருவர் குனிந்து மெழுகுதிரி வாங்குகிறார் என்றும் தெரிகிறது.

கோபுரம் கொஞ்சம் சரிந்து நிற்குது. ஏன் எண்டு கேட்டம். "நடுவில ஒரு பஸ் வந்து மறைச்சிட்டுது. அது போறதுக்குள்ள நான் நிண்ட இடம் மாறீட்டுது" என்றார். திருத்தவும் மாட்டாராம். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தச் சரிவில் அந்த றோட்டின் நெரிசல் இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தக் கோயிலை நாங்கள் அதிகம் பார்த்தது செய்திப் படங்களில்தான். உடைந்த கூரை, சிதறின ஓடுகள், வாசலில் துவக்கோடு காவல். அந்தப் படங்கள் பொய்யில்லை. அவை தேவையும்தான். ஆனால் இரண்டு மாதத்துக்குள், யூன் 12ஆம் திகதி, கோயில் திருத்தித் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கர் மட்டுமில்லாமல் சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் திரும்ப வரத் தொடங்கினார்கள். எங்கள் மனதில்தான் கூரை இன்னும் உடைந்தபடியே கிடந்தது.

எங்களில் ஒருத்தியின் அம்மா சைவம். முந்தி நேர்த்தி வைத்து, செவ்வாய் தவறாமல் அங்கே மெழுகுதிரி கொளுத்தினவ. 2019க்குப் பிறகு போகேல்லை. மகள் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்த அம்மா, கோபுரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சின்ன வளைவுகளைக் காட்டி, "இப்பவும் இவ்வளவு சனம் வருதோ?" என்று கேட்டா.

செய்திப் படம் எதுவும் அம்மாவை இப்படிக் கேட்க வைத்ததில்லை. ஆறுதலாய், அளவெடுத்துக் கீறியிருந்தால் கட்டடம் இன்னும் வடிவாய் வந்திருக்கும். ஆனால் இருபது நிமிடம்தான் இருந்தபடியால், கண்ணுக்கு முன்னால் அசைந்துகொண்டிருந்தவர்களைத்தான் நண்பரின் கை முதலில் பிடித்திருக்கிறது.

வாற செவ்வாய் நாங்கள் போறம். அம்மாவையும் கேட்டிருக்கிறம். இன்னும் பதில் சொல்லேல்லை.