புறா மேல் போட்ட பழி

கையில் நாலு காசு சேர்ந்தால் மனுஷனுக்குக் கோணல் புத்தி வரும். எனக்கு வந்தது. ஆறு வான்கோழிக் குஞ்சு வாங்கினேன்.

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டு, அம்மாவின் நாட்டுக்கோழிகளுடைய சாம்ராஜ்யம். "அதுங்களோட சேத்து விடாதடா" என்றாள் அம்மா. லோக்கலைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் எந்த மகன் அம்மா பேச்சைக் கேட்டிருக்கிறான்? சேர்த்தே விட்டேன்.

இரண்டு மாதத்தில் குஞ்சுகள் தலையைத் தொங்கப் போட்டன. எச்சம் கந்தக மஞ்சள். ஒரே வாரத்தில் நாலு காலி. கோழிகளோ கொழுகொழுவென்று மேய்ந்தன.

பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பையன் புறா வளர்த்தான். போதாதா? "உன் புறா எச்சம்தாண்டா காரணம்!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். "இல்லண்ணா..." என்றான். அவ்வளவுதான். மறுநாள் கூண்டு காலி. விற்றுவிட்டானாம்.

கடைசியாகச் செத்த குஞ்சை கால்நடை டாக்டரிடம் எடுத்துப் போனேன். அறுத்துக் காட்டினார். ஈரலில் வட்ட வட்டமாகப் புண்.

"கறுந்தலை நோய். ஹிஸ்டோமோனாஸ்னு ஒரு நுண்ணுயிரி. இதுக்கும் புறாவுக்கும் சம்பந்தமே இல்லை. கோழிக் குடல்ல இருக்கிற சின்னப் புழுவோட முட்டைக்குள்ள ஒளிஞ்சு வரும். கோழி உடம்பு பெரும்பாலும் சமாளிச்சுடும். வான்கோழி உடம்புக்கு அந்தச் சக்தி கிடையாது."

அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்பவர் 1895-லேயே இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தாராம். புழு முட்டைதான் வாகனம் என்பது 1920-ல் தெரிந்ததாம். எங்கம்மாவுக்கு இரண்டு வருஷமும் தெரியாது. விஷயம் மட்டும் தெரிந்திருக்கிறது!

"அப்போ புறா கிட்டேர்ந்து எதுவுமே ஒட்டாதா சார்?"

"எல்லாத்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனா குடல்ல வர்ற காக்சிடியா இருக்கே, புறாவோடது புறாவுக்குத்தான், கோழியோடது கோழிக்குத்தான். மீதி ரெண்டையும் கோழி மிதிக்காத இடத்துல வைங்க. அந்த முட்டை மண்ணுல வருஷக்கணக்கா உயிரோட கிடக்கும்."

ராத்திரி மாடியேறினேன். வாழ்க்கையில் மேலதிகாரியிடம்கூட அப்படிக் குழைந்ததில்லை. "தப்பு என் பேர்லதான்பா. புறா வாங்க நான் பணம் தரேன்."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மீதி ரெண்டு எப்படிண்ணா இருக்கு?" என்றான்.

தொண்டையை அடைத்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"கோழி மிதிக்காத இடம்தானே? என் கூண்டு காலியாத்தாண்ணா கிடக்கு. கழுவித் தரேன், கொண்டாங்க."